ஆறாவது உத்தரம்

சுவருக்கு வண்ணம் அடிப்பதில் முக்கால்வாசி வேலை சுரண்டுவதுதான் என்பது பலருக்குத் தெரியாது. பழைய பூச்சை முழுதாக எடுக்காமல் மேலே எத்தனை தடவை அடித்தாலும் ஒரு மழைக்குமேல் நிற்காது. எங்கள் ஏரி வீட்டின் கூடத்தை மட்டும் பதினேழு நாள் சுரண்டினேன். நடுவில் ஓரிடத்தில் சுரண்டியது கொஞ்சம் கூடிப்போய் அடுத்த அறை தெரிந்தது. அங்கே இப்போது ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நல்லது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் சுவரிலிருந்து தொடங்கினேன்.

நான் இருபத்தாறு வருடம் ரயில் கால அட்டவணைக்கு மெய்ப்புப் பார்த்தவன். என் கையைத் தாண்டிப் போன பக்கத்தில் ஒரு ரயில்கூடத் தவறான நேரத்துக்குப் புறப்பட்டது கிடையாது. நிலையத்தில் அது எப்போது புறப்பட்டது என்பது வேறு துறை. ஓய்வு பெற்று வந்தபோது அப்பா கட்டிய ஏரி வீடு குட்டிச்சுவராகிக் கிடந்தது. விற்றுவிடலாம் என்றான் தம்பி. அக்காவுக்கு விற்க மனமில்லை. ஒரு காண்ட்ராக்டரிடம் விடலாம் என்றாள். அப்பா தன் கையால் கட்டிய வீட்டில் கூலிக்கு வருகிறவன் கை படுவதா என்று கேட்டேன். நானே செய்கிறேன் என்றேன். அக்கா தம்பியைப் பார்த்தாள், தம்பி கூரையைப் பார்த்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரு வருஷம் எடுத்துக்க" என்றாள் அக்கா. "அடுத்த லீவுக்குப் பிள்ளைங்களோட எல்லாரும் வரோம். பத்திரமா உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி இருந்தா வீடு உன் பொறுப்பு, கடைசிவரைக்கும். இல்லேன்னா தம்பி சொல்றபடி வித்துடலாம்."

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. பெயர் சொல்ல ஒரு வேலை இல்லை. கால அட்டவணையில் மெய்ப்புப் பார்த்தவன் பெயரைப் போட மாட்டார்கள். அந்த வீடுதான் எனக்கு எல்லாம் என்று ஆகிவிட்டது.

வேலை நன்றாகவே நடந்தது. சமையலறைக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கும், ஆனால் அடுப்பு எரியும்போது கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். குளியலறைத் தரை வாட்டம் வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் அமைந்துவிட்டது. அதற்கு ஒரு துடைப்பான் மாட்டிவைத்திருக்கிறேன், இரண்டு நாளில் பழகிவிடும். என் மனைவி மூன்றாம் மாதம், நான் கழிப்பறைச் சுவரை இடித்த அன்று, தங்கை வீட்டுக்குப் போனாள். இன்னும் திரும்பவில்லை. போனில் அன்பாகத்தான் பேசுகிறாள்.

ஏரிச்சாலை முனையில் ஒரு தச்சர் இருக்கிறார். தினமும் சைக்கிளில் போகும்போது ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் மட்டும், "சார், டேப் ஏதாவது வேணுமா? என்கிட்ட ரெண்டு இருக்கு" என்றார்.

டேப் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. எங்களுக்கு அப்பாவின் அளவுகோல் உண்டு. இடுப்புயரத்துக்கு, சரியாக மூன்றடியில் ஒரு கருங்காலிக் கழி. அதை வைத்துத்தான் அவர் வீட்டையே கட்டினார். நாங்கள் மூன்று பேர் வளர்ந்ததும் அந்தக் கோலில்தான். 'அக்கா ஒன்றரைக் கோல் வந்துவிட்டாள்' என்றுதான் வீட்டில் பேச்சு. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கதவுக்கும் கட்டைக்கும் கோல் கணக்கில் அளவு எழுதியிருக்கும். பால்கனிக்கு ஆறு உத்தரம், தலைக்கு மூன்று கோல். ஒரு நுனி வீட்டுச் சுவருக்குள் போகும். மறு நுனி, கீழே பாறைமேல் எழுப்பிய கல்சுவரின் தலையில் உட்காரும். இவற்றின் மேல்தான் பலகை அடித்து மனிதர்கள் நிற்பது.

நான் அந்தக் கோலை வைத்து அளந்து, ஆறு உத்தரங்களையும் என் கையாலேயே அறுத்தேன். பழைய உத்தரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்தான். அவற்றை முதல் மாதமே உடைத்து வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தேன். தவிர, அப்பா எழுதிவைத்ததைச் சரிபார்ப்பது மரியாதையாகவும் படவில்லை.

உத்தரங்களைத் தூக்கி வைத்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கல்சுவரின் தலையில் ஒரு சாணுக்குமேல் உட்கார வேண்டியவை இரண்டு விரலளவுதான் உட்கார்ந்தன. மரம் சுருங்கும் என்று படித்திருக்கிறேன். ஆறும் ஒரே அளவுக்குச் சுருங்கியிருந்தன. நுனிகள் தெரியாதபடி முன்னால் நீளமாக ஒரு முகப்புப் பலகை அடித்து வெள்ளை வண்ணம் பூசினேன். ஏரியிலிருந்து பார்த்தால் அவ்வளவு லட்சணம். ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் வருவதாக இருந்தது, அதில் ஆறு பேர் குழந்தைகள். குழந்தைகளின் நாற்காலிகளை மட்டும் வீட்டுச் சுவரோரமாகப் போட்டுவைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். உதவிக்கு வந்தேன் என்றார். அவர் வேலைக் காலம் முழுக்க லிஃப்ட் சோதித்தவர். எட்டுப் பேர், இத்தனை கிலோ என்று உள்ளே தகடு அடிக்கிற உத்தியோகம். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சட்டைப் பையில் பேனா இருக்காது, எஃகு டேப் இருக்கும்.

கூடத்துச் சின்ன ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு பாறை வழியாக இறங்கிப் பால்கனிக்கு அடியில் போய், டார்ச் அடித்து, கால் மணி நேரம் இருந்தார். மேலே வந்தபோது சிரிக்கவில்லை.

"மச்சான், உத்தரம் ரெண்டு விரல்தான் உட்கார்ந்திருக்கு."

"மரம் சுருங்கியிருக்கு அத்தான்."

அவர் அப்பாவின் கோலை எடுத்து, பக்கத்தில் தன் டேப்பை நீட்டிப் பிடித்தார். மூன்றடிக்குக் கோல் நாலு விரல் குறைந்தது. அதன் அடி நுனியைத் தடவிக் காட்டினார். கடைசி எட்டு வருடம் அப்பா அதை ஊன்றித்தான் நடந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கல்லிலும் மண்ணிலும் ஊன்றி ஊன்றி நுனி தேய்ந்திருக்கிறது. கோலுக்கு நாலு விரலென்றால் மூன்று கோலுக்கு ஒரு சாண்.

அத்தான் என்னைத் திட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் தோளில் கை போட்டார். "இதெல்லாம் யாருக்கும் வரக்கூடிய தப்புதான், விடு. அந்தத் தச்சருக்குப் போன் பண்றேன். அடியில ரெண்டு இரும்புத் தூண் குடுத்தா ஒரே நாள் வேலை. தம்பி காதுக்குப் போக வேணாம். உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடறேன், அவகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல."

அக்காவிடம் சொல்வதென்றால் வீடு போயிற்று என்று அர்த்தம். அவரிடம் அதை விளக்கினேன். ரொம்ப நேரம் விளக்கினேன். "வீடு என்னப்பா வீடு, ஞாயித்துக்கிழமை ஆறு பிள்ளைங்க அதுமேல குதிக்கும்" என்றார். நான் குழந்தைகளின் நாற்காலிகளைக் காட்டினேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தச்சர் பெட்டியோடு வந்தார். அடியில் போய்ப் பார்த்தார். தூண் எடுத்துவரக் கிளம்பினார். பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். அத்தான் குளிக்கப் போனார். எங்கள் குளியலறையில் குளித்து, தரையையும் துடைத்துவிட்டு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

அத்தானின் டேப் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், முகப்புப் பலகையின் ஓரத்தைக் கழற்றி, மூலையிலிருந்த ஆறாவது உத்தரத்தின் நுனியில் இரண்டு விரல் அளந்து கோடு போட்டேன். அறுத்தேன். டேப் வைத்து நான் செய்த முதல் வேலை அதுதான். ரம்பம் தானாகப் போனது. ஒரு மயிரிழை கோணவில்லை. வருடம் முழுக்க ஏன் இப்படி வரவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெட்டிய துண்டை ஏரியில் போட்டுவிட்டு, பலகையைத் திரும்ப மாட்டினேன். மேலே அடித்திருந்த பலகைகளின் ஆணிகளில் உத்தரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் ஏறாதவரை தொங்கும்.

அவர் தலை துவட்டிக்கொண்டு வந்ததும், "தச்சர் வர்றதுக்குள்ள தூண் வைக்கிற இடத்தைக் குறிச்சு வச்சிடலாமா அத்தான்?" என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். நான் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தார். தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டார். மூலையில் நின்று நூலைத் தொங்கவிட வேண்டும்.

"தாங்குமில்ல?" என்று நான்தான் கேட்டேன்.

"ஒரு ஆளைத் தாராளமா தாங்கும். பதினாலு பேரைத்தான் தாங்காது" என்றார். அது அவருடைய துறை. நான் குறுக்கே பேசவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. கீழே பாறை, இரண்டு ஆள் உயரம். எட்டிப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தார். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். பால்கனி அப்போது இருந்த நிலையை நீங்கள் பார்க்கவில்லை. மூன்று பலகை பெயர்ந்து, உத்தரம் சாய்ந்து, மரத்தூள் எல்லாம் அப்படியே கிடந்தது. வெளியாட்கள் வந்து பார்த்தால் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெருக்கினேன். பலகைகளை ஒழுங்காக அடுக்கினேன். நடுவில் அவர் "மச்சான்" என்று மூன்று முறை கூப்பிட்டார். "கொஞ்சம் இருங்க அத்தான், இதோ வந்துட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். பதில் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று என்றும், அந்த நாற்பது நிமிடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் டாக்டர் சொல்கிறார். எனக்கு அவ்வளவு நேரமாகத் தோன்றவில்லை. வேலையில் இறங்கிவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். படியில் உட்கார்ந்துகொண்டு, "கடைசியா என்னடா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"வேலை நல்லா பண்ணியிருக்கேன்னு சொன்னார்க்கா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவர் மனதில் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்றுதான் இப்போதும் நம்புகிறேன்.

அதோடு இது போயிருக்கும். நீங்கள்தான் ஆறாவது உத்தரத்தின் நுனியில் புதிதாக அறுத்த தடத்தைப் பார்த்தீர்கள். ஆறில் அது மட்டும் நேராக இருக்கிறது என்றீர்கள். மற்ற ஐந்தையும் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காலையில் பெட்டியோடு அடியில் போய்வந்த தச்சரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். வேலை கிடைப்பதற்காக அவரே அறுத்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். மூன்று நாளாக அந்த மனிதர் உள்ளே இருக்கிறார். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். வரும்போது பார்த்தேன், பாவமாக இருந்தது.

ஒரு நிரபராதி எனக்காகக் கம்பி எண்ணக் கூடாது. அதற்காக மட்டும்தான் நானாக வந்தேன், யாரும் கூப்பிட்டு வரவில்லை. ஆறாவது உத்தரத்தை அறுத்தது நான். அத்தானை அதன்மேல் நிற்க வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

உங்கள் அறிக்கையை நேற்று பத்திரிகையில் படித்தேன். 'நுனி வெட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது தேர்ந்த கைவேலை, அந்த வீட்டுக்காரரால் ஆகக்கூடியதல்ல' என்று சொல்லியிருக்கிறீர்கள். முதல் பாதி அப்படியே இருக்கட்டும் சார். இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துவிடுங்கள்.