திருப்பிக் கூப்பிடாதவர்கள்

எனக்குப் பேசுவதென்றாலே, அதிலும் போனில் என்றால், சின்ன வயதிலிருந்தே கூச்சம். பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் அதனால்தான். வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தபோது, முடிவு வந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்வது என் வேலையாக இருந்தது. அது முடியாமல்தான், கம்ப்யூட்டர் தானாகவே செய்தி அனுப்பும்படி ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் இணைய முகவரி, அதன் வாலில் போன் எண்ணும் செய்தியும். ஸ்கிரிப்ட் அந்த முகவரியை அழைத்தால் குறுஞ்செய்தி போய்விடும். வாயைத் திறக்க வேண்டாம்.

"நம்ம பேசாமடந்தைக்கு மூளை நல்லாவே வேலை செய்யுது" என்று முதலாளி சிரித்தார்.

செய்தி இரண்டு வகை. "எல்லாம் சரியாக இருக்கிறது, நேரில் வரத் தேவையில்லை" என்பது ஒன்று. "உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்பது மற்றொன்று. முதலாவது போனவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இரண்டாவது போனவர்கள் உடனே நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். எடுக்க வேண்டியவள் நான்.

"என்னம்மா வியாதி? பொழைச்சுக்குவேனா? நீயாவது சொல்லேன்."

நான் போனை வைத்துவிடுவேன். மறுபடி அடிக்கும்.

அதனால் ஸ்கிரிப்டிலிருந்து இரண்டாவது செய்திக்கான வரியை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். எல்லோருக்கும் முதல் செய்தியே போனது. தாளில் அச்சான முடிவுகள் அத்தனையும் உண்மையானவை. அவற்றில் நான் கை வைக்கவில்லை. யாரும் வாங்க வராததால் அலமாரியிலேயே கிடந்தன.

என்னை வளர்த்த சித்தியும் அங்கேதான் ரத்தம் கொடுத்தாள். அவளுடைய தாளில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. நான்தான் மடித்து அலமாரிக்குள் வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருடி, எல்லாம் சரியா இருக்காம். வீணா வயித்துல புளியக் கரைச்சுட்டாங்க. அங்கேயேதானே இருக்க, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா, ஊமைக்கோட்டான்?"

"அதான் மெசேஜ் வந்துடுச்சே, சித்தி" என்றேன்.

அதற்குப் பிறகு சித்தியின் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. டாக்டரிடம் போகலாம் என்று சித்தப்பா கெஞ்சினார். "மெசேஜே வந்திருக்கு, சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது விசாரிக்க வந்த நீங்கள் அந்த அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அவர்களில் ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டுக் குறை சொன்னதில்லை.