சிவப்பு விளக்குக்குப் பொட்டு

நாற்பத்தொரு மணி நேரமாக நான் யாரிடமும் பேசவில்லை, மேடம். முரண்டு பிடிக்கிறேன் என்று உங்கள் கார்ப்பரல் நினைக்கிறார். கிள்ளானில், எங்கள் வீட்டில், நான்கு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஐந்தாம் நாள்தான் அம்மா கவனித்தார்.

வேலாயுதம் அண்ணனைப் பிடித்து வந்திருப்பதால் வாய் திறக்கிறேன். ஆய்வுக்கூடத்தைப் பராமரிப்பவர். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருடமும் எங்கள் இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். அந்தப் பொட்டு எச்சரிக்கை விளக்கை மறைத்ததால்தான் என்னோடு ஆய்வு செய்த முகுந்தன் இறந்தான் என்கிறீர்கள். பாதி சரி.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டாலிங் ஜெயாவில் எங்களிடம் ஒரு காற்றுச் சுரங்கம் இருக்கிறது. அதில் காற்று ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில், முன்னால் என்ன இருக்கிறது என்று காற்றுக்குத் தெரியாது. முட்டிய பிறகுதான் தெரியும். அந்த முட்டலில் பிறப்பது அதிர்ச்சி அலை. சற்று முன்னாலேயே ஒரு மின்பொறி விட்டால், அங்கே காற்று சூடாகிப் பிளாஸ்மாவாகும், அலை நலிந்துபோகும். முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். பொறியை எந்தக் கணத்தில் விடுவது என்று கண்டுபிடித்தவள் நான்.

அதை மாநாட்டில் பேச முகுந்தனைத் தேர்ந்தெடுத்தார்கள். பேராசிரியர் ஜெயந்திரன் அன்பாகத்தான் சொன்னார்: "பிள்ளை, நீ சபையில கதைக்க மாட்டாய். அவன் கதைக்கட்டும்."

முகுந்தன் தோளைத் தட்டினான். "கவலப்படாத லா தாமரை. கடைசி ஸ்லைடுல உன் பேரு வரும். சின்னதா."

பொறிக்கான மின்சாரம் ஒரு மின்தேக்கியில் நிறையும். சோதனை முடிந்ததும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தொடுகிறவர் உயிர் போகும். காலியாகும்வரை சிவப்பு விளக்கு எரியும். சுரங்கத்துக்குள் கை விடுகிறவர் முதலில் "காலியா?" என்று கேட்பார். மின்தேக்கியின் பக்கத்தில் இருப்பவர் "காலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அது விதி. எனக்கு மட்டும் தலையாட்டினால் போதும். "ஊமைக்குக் கன்செஷன்" என்றான் முகுந்தன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்.

அண்ணன் பொட்டு வைத்தது இயந்திரங்களின் மூடிகளில் மட்டும். விளக்கையோ மீட்டரையோ அவர் தொடமாட்டார். விளக்கின் மேல் இருந்த பொட்டு மற்றவற்றைவிடப் பருமன். நீங்கள் கவனித்திருக்கலாம். அது பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாங்கிய சந்தனம். நல்ல கெட்டி.

முகுந்தன் அதைப் பார்த்தான். "வெளக்குக்கே ஆசீர்வாதமா, boss?" என்று அண்ணனைக் கிண்டல் செய்தான். அண்ணன் அது தன்னுடையது இல்லை என்றார். முகுந்தனுக்கு அடுத்தவர் சொல்வதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

நான் பொய் சொன்னதில்லை, மேடம். அன்று முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் சுரங்கத்தைத் திறந்தான். காலியா என்றான். தலையாட்டினேன்.

மாநாடு அடுத்த வாரம். இனி நான்தான் பேச வேண்டுமாம். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பதிவு ஓடுகிறது, தலையாட்டினால் போதாது, சத்தமாகச் சொல் என்கிறீர்கள். அன்றைக்கும் யாராவது இப்படிக் கேட்டிருக்கலாம்.

இல்லை. காலியில்லை. நான்தான் நிரப்பி வைத்திருந்தேன்.