தாழ்ப்பாளை உள்பக்கம் வையுங்கள்

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர் இழுக்கிறவனுக்கு முதலில் போவது கழுத்து, அப்புறம்தான் தோள்பட்டை. எனக்கு இரண்டுமே இன்னும் சரியாகவில்லை. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தபடி பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று விசாரணைக்கு நடுவில், உங்கள் வீட்டிலும் ஒரு காலி அறை இருக்கிறது, பொம்மை ரயில் பாதை ஒன்று போட ஆசை என்றீர்கள். என் வாயைப் பிடுங்கச் சொன்னீர்களோ, நிஜ ஆசையோ, எனக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இருபத்தாறு வருடம் நிஜத் தண்டவாளத்தில் சிலீப்பர் கட்டை மாற்றியவன் நான். அத்தான் வீட்டு மாடியில் பொம்மைப் பாதையைப் போட்டதும் நான்தான். இரண்டிலும் முதுகு ஒரே இடத்தில்தான் வலிக்கிறது.

முதலில் பலகை. அகலம் இரண்டரை அடிக்கு மேல் போகக்கூடாது. எங்கேயாவது வண்டி தடம் புரளும், கை எட்டவேண்டும். உயரம் உங்கள் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தால் வண்டி கண்ணுக்கு நேராக வரும், பார்க்க நிஜம் போல இருக்கும். மேசைக் கால்களுக்கு மரம் போட்டு ஏமாறாதீர்கள். நான் இரும்புக் கோணச் சட்டம் போட்டு, சுவரிலும் தரையிலும் போல்ட் முடுக்கினேன். ஓர் ஆள் முழு பலத்தோடு தள்ளினாலும் அசையாது. தள்ளிப் பார்த்தும் ஆயிற்று.

தண்டவாளத்துக்கு அடியில் தக்கைப் பட்டை ஒட்டுங்கள், இல்லையென்றால் பலகை முழுக்க மத்தளம் போல அதிரும். அப்படியும் சத்தம் கீழே வருகிறது என்று அக்கா சண்டை போட்டதால், சுவரிலும் கதவிலும் பஞ்சு அட்டை அடித்தேன். பிறகு அவள் குறை சொல்லவே இல்லை.

பாதை நாலு சுவரையும் ஒட்டிச் சுற்றி வரும். நடுவில் கிணறு மாதிரி ஒரு காலியிடம், அங்கே ஒரு நாற்காலி, ஓட்டுகிறவருக்கு. கதவுக்கு நேரே பலகை குறுக்கே போவதால், மற்றவர்கள் குனிந்து அடியில் நுழைந்து உள்ளே போவார்கள். அத்தானுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தது, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் வேறு நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால் அந்த இடத்தில் மட்டும் கீல் வைத்துத் தூக்குப் பலகை போட்டேன். பலகை தூக்கியிருந்தால் வண்டி தானாக நிற்கும்படி வயரைப் பிரித்துவிட்டேன், இல்லையென்றால் எஞ்சின் தரையில் விழும். முக்கியமான விஷயம், தாழ்ப்பாளை உள்பக்கம் வையுங்கள். உள்ளே உட்காருகிறவர் கைக்கு அது எட்டவேண்டும்.

நானும் முதலில் உள்பக்கம்தான் வைத்தேன்.

அத்தான் எங்கள் லைனுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அக்காவைக் கட்டியவர். நானும் என் தம்பியும் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தோம். பதினோரு வருடம் முன்பு, ஒரு வளைவில் தண்டவாளம் மாற்றும்போது வண்டி அடித்துத் தம்பி செத்துப்போனான். கட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் காதில் ஒன்றும் விழவில்லை. அதற்குத்தான் வளைவுக்கு அப்பால் விசிலும் சிவப்புக் கொடியுமாக ஓர் ஆளை நிறுத்துவது. அவன் விசில் அடித்துக் கொடியை ஆட்டினால் எல்லோரும் விலகிவிடலாம். அன்று ஆள் பற்றவில்லை. கொடிக்காரனையும் வந்து தண்டவாளத்துக்குத் தோள் கொடுக்கச் சொன்னார் அத்தான். அவன் கொடியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

கொடிக்காரர் இடத்தில் இருந்தார், விசில் அடித்தார், தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். அத்தான் ரிப்போர்ட்டில் எழுதியது இவ்வளவுதான். அக்கா அதைத்தான் இன்றுவரை நம்புகிறாள்.

பொம்மைப் பாதைக்கு வருகிறேன். ஜல்லி ஒட்டும்போது வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள், அப்போதுதான் ஜல்லிக்குள் இறங்கும். காய ஒரு நாள் விடவேண்டும். அத்தானுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாதை காய்வதற்குள் பொம்மை மனிதர்களை வாங்கி வந்துவிட்டார், நகம் உயரம் இருக்கும். ஒரு வளைவில் எட்டுப் பேரை வைத்தார், கையில் கடப்பாரை, மேலே ஆரஞ்சுச் சட்டை. வளைவுக்கு அப்பால், விதிப்படி எவ்வளவு தூரமோ அதைக் கணக்குப் போட்டுச் சுருக்கி, ஒருவனைத் தனியாக நிறுத்தினார். அவன் கையில் சிவப்பு பெயின்ட் தொட்ட ஒரு துணுக்குக் காகிதம்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "யாரு சொல்லு? நீதான் மச்சான்" என்றார். பிறகு அவனை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நீ எங்கயும் நகர மாட்டே. பசை போட்டு ஒட்டிட்டேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம்கூட வந்தது.

ஆமாம், அன்று கொடி பிடித்தவன் நான்தான். ஆனால் வைக்கச் சொன்னது அவர். அவர் சொல் கேட்காமல் அந்த லைனில் எவனும் வேலை பார்த்ததில்லை. பொம்மைக்கு விதிப்படி ஆள் நிறுத்தத் தெரிந்தவருக்குத் தம்பிக்கு நிறுத்தத் தெரியவில்லையா? நான் கேட்பது இது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்துத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றினேன். உள்ளே இருந்தால் தண்டவாளத்தில் இடிக்கிறது என்றேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் அக்கா கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வர மத்தியானம் மூன்று மணியாகும் என்றாள். அத்தானுக்குச் சர்க்கரை, காலையில் ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாகவேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. நேரத்துக்குக் கொடுத்துவிடு என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். எட்டு மணிக்கு அவரே ஊசி போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நான் தூக்குப் பலகையை இறக்கித் தாழ் போட்டேன். தட்டைக் கொண்டுவந்து கதவோரம் ஸ்டூலில் வைத்தேன். அவர் போனும் அங்கேதான் சார்ஜில் இருந்தது. இரண்டரை அடி எட்டுகிற கைக்கு அது நாலடி தூரம்.

"என்ன மச்சான், கேட்டை மூடிட்டே? வண்டி வருதா?" என்று கேட்டார். எப்போதும் தமாஷ்தான் அவருக்கு.

நான் கேட்டது ஒரே வாக்கியம். "ரிப்போர்ட்ல பொய் எழுதினேன், தப்புதான்னு சொல்லுங்க. தொறந்து விடுறேன்."

அவர் சுவிட்சைப் போட்டு வண்டியை ஓடவிட்டார். கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். பசை வாங்கக் கடைக்குப் போனதாக முதலில் உங்களிடம் சொன்னேனே, அது அப்புறம் போனது. காலை முழுக்கப் படியில்தான் இருந்தேன். முதலில் திட்டினார். பிறகு பலகையைத் தள்ளிப் பார்த்தார். அது கொஞ்சமும் அசையவில்லை. ஒன்பதரைக்கு நான் கதவைத் திறந்து மறுபடி கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. ஆனாலும் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எழுதினது நான்தான்டா. நீ நின்னேன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

கதவை மூடிவிட்டேன். அதற்குமேல் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் அப்புறம் சொன்னது எதுவும் வார்த்தையாக வரவில்லை, குழறலாக இருந்தது. பத்தரைக்கு மேல் அதுவும் இல்லை. வண்டி சுற்றுவது மட்டும் லேசாகக் கேட்டது. நல்ல எஞ்சின், சூடாகவில்லை.

ஒன்றேமுக்காலுக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். தாழைக் கழற்றி மறுபடி உள்பக்கம் பொருத்தினேன், தட்டை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினேன், அப்புறம்தான் கடைக்குப் போனேன். வெளிப்பக்கத்தில் தாழ் இருந்த நாலு திருகாணித் துளையையும் மரப் புட்டி வைத்து அடைத்திருந்தேன். அது காயாமல் இருந்ததை நீங்கள் விரல் வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நானும் ஒரு நாள் காயவிடவில்லை.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன் என்று நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு அவர் பாதியைச் சொல்லிவிட்டார். மீதிப் பாதி நான் சொல்லவேண்டியதாக இருந்தது. அதனால் மூடினேன். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை அக்கா இங்கே வந்தாள், நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். ஊசி போட்டுக்கொண்டவர் விளையாட்டு மும்முரத்தில் சாப்பிட மறந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனும் கவனமில்லாமப் போனான், இவரும் கவனமில்லாமப் போயிட்டாரு. நீயாவது கவனமா இருடா" என்றாள். சரிக்கா என்றேன்.

அவள் புருஷன் எப்படிச் செத்தான் என்பதை நீங்கள் சொல்லிவிடுவீர்கள், அது உங்கள் வேலை. தம்பி சாகும்போது நான் கொடியோடு அங்கே நிற்கவில்லை, நின்றதாகக் கையெழுத்துப் போட்டேன். அதை அவளிடம் நான்தான் சொல்லவேண்டும். அது பதினோரு வருடமாகப் பாக்கி.