மூன்றரை மாடியின் கமெண்ட் பெட்டி

அச்சுப்பிழையை அடுத்த தெருவில் இருந்தே மோப்பம் பிடித்துவிடும் அவைத்தலைவர் அவர்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட செயலாளர் அவர்களே! வலைப்பூ வளர்க்கும் வல்லவர்களே! ஆசையாய்த் தொடங்கி, ஆறே மாதத்தில் அதன் கடவுச்சொல்லையே மறந்துவிட்ட அன்பர்களே! பெற்ற பிள்ளை எழுதியதைப் படிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்பிப் பெருமைப்படும் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட முன்யோசனைக்காரப் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

ஆம், லிஃப்ட் மெக்கானிக். 'வலைத்தள வடிவமைப்பு' என்று தலைப்பை வைத்துக்கொண்டு இவனை ஏன் மேடை ஏற்றினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். நான் சொல்கிறேன்: நல்ல வலைத்தளமும் நல்ல லிஃப்டும் ஒரே சாதி! ஒழுங்காக ஏறி இறங்கும் லிஃப்டை எவரேனும் பாராட்டியதுண்டா? 'ஆகா, ஐந்தாம் மாடியில் என்ன அழகாக நின்றது' என்று எவரேனும் கைதட்டியதுண்டா? ஓடும் வரை என் ஞாபகம் ஒருவருக்கும் வராது. நடுவில் நின்றுவிட்டாலோ, என் ஏழு தலைமுறையும் ஞாபகத்துக்கு வந்துவிடும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படி ஒரு லிஃப்ட் நடுவில் நின்றதால்தான் நான் என் அண்ணனை இழந்தேன். ஐயோ, பதறாதீர்கள் அம்மா! ஆள் கல்லுக்குண்டாக இருக்கிறார். பேச்சுத்தான் நின்றுபோனது.

என் அண்ணன் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மூன்றடுக்குப் பிறந்தநாள் கேக்கைக் கையில் ஏந்தி, ஏழாம் மாடிக்குப் போக லிஃப்டில் ஏறினார். அது நான் புதுப்பித்த லிஃப்ட். உள்ளே பளபளவென்று எஃகுப் பலகை. அதில் எழுத்து இல்லை, படம் இல்லை, நிறம் இல்லை. அவசர மணியின் சிவப்புப் பொத்தான் பலகையின் அழகைக் கெடுக்கிறது என்று, அதையும் எஃகு நிறத்திலேயே மாற்றி வைத்தவன் இந்த மகாகலைஞன்தான்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே மூச்சை நிறுத்திக்கொண்டது லிஃப்ட். அண்ணன் ஒன்றேமுக்கால் மணி நேரம் உள்ளே! நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது கேக்கின் மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு கலந்திருந்தது. அண்ணனின் சட்டை முழுக்க க்ரீம். ஒரு தாய் வயிற்றில் கூடப்பிறந்தவன் என்ன கேட்டிருக்க வேண்டும்? 'பயந்துட்டியாண்ணா?' என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது என்ன தெரியுமா?

"ஏண்ணா, ஒரு மணி அடிக்கக்கூடவா தெரியாது?"

"மணி எங்கடா இருக்கு?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கு. பாக்கத் தெரியணும்."

அந்தக் கட்டடமே கூடி நின்று கேட்டது. அண்ணன் கேக்கை என் கையில் கொடுத்தார், படியிறங்கிப் போனார். அன்றோடு சரி. அண்ணி பேசுவார், பிள்ளைகள் வருவார்கள், அண்ணன் மட்டும் என் நிழல் பட்டாலும் நடையை மாற்றுவார். நானாவது போய்ப் பேசியிருக்கலாம்தான். ஆனால் வறட்டு வீம்பு விட்டதா? விடவில்லை!

அந்த வீம்புக்கு வடிகாலாகத்தான் வலைப்பூ தொடங்கினேன். லிஃப்டுக்குள் மனிதர்கள் பேசுவது, பேசாமல் கூரையை முறைப்பது, எல்லாவற்றையும் எழுதினேன். ஆரம்பத்தில் என் பக்கத்தைப் பார்த்தால் தேர்த்திருவிழாக் கூட்டம் தோற்றுவிடும். ஒரு பக்கம் கடிகாரம், ஒரு பக்கம் வானிலை, தலைக்கு மேல் நகரும் எழுத்து, திறந்ததும் புல்லாங்குழல். பிறகு ஒருநாள், யாரோ முகம் தெரியாத ஒரு புண்ணியவதி செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த ஒரு தீம், அதாவது பக்கத்துக்கான ஆயத்த வடிவமைப்பு, கண்ணில் பட்டது.

அன்பர்களே, அதை என்னென்பேன்! வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, இருபுறமும் தாராளமாய் இடம். அவ்வளவுதான்! ஆனால் ஒரு வரி முடிந்ததும் கண் தடுமாறாமல் அடுத்த வரிக்கு வந்து சேர்ந்தது. நம் எழுத்தின் கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டிக்கொள்ளாமல் மூச்சுவிட்டன. கைபேசியில் திறந்தால் கைபேசிக்கு ஏற்பச் சுருங்கியது. எவ்வளவு யோசித்திருந்தால் இவ்வளவு எளிதாகச் செய்திருக்க முடியும்! தொழில்காரனுக்குத் தொழில்காரியின் கைவேலை தெரியாதா? மனதாரக் கும்பிட்டேன்.

கும்பிட்டவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேனா? அதுதான் இல்லை! நிறமும் அளவும் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தேன். கறுப்பு கொஞ்சம் முரட்டுத்தனம் என்று சாம்பல் ஆக்கினேன். சாம்பல் அழுத்தமாய் இருக்கிறதென்று வெளிர்சாம்பல் ஆக்கினேன். எழுத்தைச் சிறிதாக்கினேன். தேதியை எடுத்தேன், தேடும் கட்டத்தை எடுத்தேன், சுட்டிகளின் அடிக்கோட்டை எடுத்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஐந்து நிமிடம் திரையையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"இருங்க, இன்னும் பக்கம் வரலையே" என்றாள்.

கைதட்டாதீர்கள், அவள் இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் எனக்குத்தான் சிக்கல்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிஞ்சியிருந்தது, கமெண்ட் பெட்டி. என் எழுத்துக்குத் தவறாமல் கருத்துச் சொன்னவர் உலகத்தில் ஒரே ஒருவர். பெயர் 'மூன்றரை மாடி'. ஒவ்வொரு பதிவுக்கும் அவர் எழுதுவது ஒரே ஒரு சொல்: 'படித்தேன்.' முன்வரிசை அம்மா இப்போதே சிரித்துவிட்டார். தாயே, உங்களுக்கு இரண்டு நொடியில் விளங்கியது எனக்கு முப்பத்தொரு பதிவாக விளங்கவில்லை! தினமும் மாடிகளுக்கு நடுவே தொங்கிப் பிழைப்பவன் நான். மூன்றரை மாடி என்றால் எது என்று ஒருமுறையாவது யோசித்தேனா? 'பக்கம் இவ்வளவு சுத்தமாக இருக்கையில் அடியில் ஒரே ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே' என்று முகம் சுளித்தேன். பெட்டியையும் தூக்கினேன்.

ஒன்பதாம் நாள் கைபேசி அடித்தது. திரையில் 'அண்ணா' என்று வந்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை நலமா என்பதல்ல.

"டேய், பெட்டி எங்கடா?"

அன்று சொன்னேனே, 'கண்ணு முன்னாடிதான் இருக்கு, பாக்கத் தெரியணும்' என்று. இன்று அதையாவது சொல்ல முடியுமா? இந்தமுறை நான் அடியோடு பிடுங்கியல்லவா எறிந்திருந்தேன்! "அண்ணா..." என்றேன்.

"முப்பத்தொண்ணும் படிச்சேன்டா. இப்ப எழுதினத படிச்சுட்டுச் சொல்லலாம்னு பாத்தா வழியே இல்ல. நீ எப்பவும் இப்படித்தான். அழகா செய்வ. உள்ள ஒரு ஆள் இருக்கான்னு மறந்துடுவ."

தோழர்களே, வடிவமைப்பு பற்றி எத்தனையோ கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அத்தனையும் ஒரு தட்டில் வைத்தால், என் அண்ணன் சொன்னது மறுதட்டில் கனமாக உட்காரும். குறைப்பது குற்றமா? இல்லை! எளிமை இழிவா? இல்லவே இல்லை! அந்தப் புண்ணியவதி எதை எடுத்தாள்? வாசிப்பவனுக்கு இடைஞ்சலானதை எடுத்தாள். நான் எதை எடுத்தேன்? என் கண்ணுக்கு இடைஞ்சலானதை எடுத்தேன். அவள் வாசகனுக்காக விலகினாள். நான் வாசகனையே விலக்கினேன்! உங்கள் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். கடிகாரத்தை எடுங்கள், வானிலையை எடுங்கள், அந்தப் புல்லாங்குழலைக் கட்டாயம் எடுங்கள்! ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவன் அடிக்கும் மணியை எடுக்காதீர்கள். நான்கு வருடக் கோபத்தை ஒரு சொல்லாக்கி ஒருவன் உள்ளே போடும் பெட்டியை எடுக்காதீர்கள்!

அன்று மாலையே எழுத்தைக் கறுப்பாக்கினேன், பெட்டியைத் திரும்ப வைத்தேன். மறுநாள் காலை அந்தக் கட்டடத்துக்குப் போய், எஃகுப் பலகையில் சிவப்புப் பொத்தானைப் பொருத்தினேன். மணிப் படமும் ஒட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

தலைவர் இரண்டாம் முறையும் மணி அடித்துவிட்டார். ஐயா, கேட்கிறது, கேட்கிறது! மணியின் அருமை இன்று இந்த அரங்கில் என்னைவிட யாருக்குத் தெரியும்? இதோ முடிக்கிறேன். ஒன்றே ஒன்று. அன்று தொலைபேசியில் நான் சொல்ல மறந்ததை, லிஃப்ட் வாசலில் கூட்டத்துக்கு நடுவே அவரை அவமானப்படுத்தியதால், இன்று கூட்டத்துக்கு நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணா, தப்பு பொத்தான் தேடின உன் மேல இல்ல. அத ஒளிச்சு வச்ச என் மேலதான். மன்னிச்சுடுண்ணா.

யாரது, கடைசி வரிசையில் எழுந்து நிற்பது? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், மைக் வேண்டாம், இங்கே கேட்கும்... என்ன சொன்னீர்கள்?

'கேட்டேன்' என்கிறார்.

அவ்வளவுதான் அன்பர்களே, இதற்குமேல் எனக்குப் பேச வராது. பொறுமையோடு அமர்ந்திருந்த பெரியோர்க்கும் தாய்மார்க்கும், இரண்டுமுறை மணியடித்த தலைவர்க்கும் நன்றி, வணக்கம். வழி விடுங்கள், நான் கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.