வறண்ட பாத்தி

அரிசி கழுவிய தண்ணீரை என் மனைவி சுலோச்சனா ஒருநாளும் சிங்கில் ஊற்றியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் ஆய்வு முடிவு பொய்யா என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்னும் ஊரில், முன்பு எரிவாயு ஆலை இருந்த நிலம். மண்ணில் தார் எண்ணெய் ஊறிக் கிடந்தது. அதில் ஒரு பாத்தி பிரித்து, வறட்சி தாங்கும் பாக்டீரியாக்களை விட்டேன். எண்ணெயைத் தின்று அவை மண்ணைச் சுத்தமாக்கும் என்று நம்பினேன். மழை விழாமல் கூரை போட்டேன். ஒரு சொட்டு நீரும் படாமல் அவை பிழைக்குமா என்பதுதான் சோதனையே. முதல் கோடையில் செத்துக்கொண்டிருந்தன. பிறகு திடீரென்று பெருகத் தொடங்கின.

ஏன் என்று வாசல் காவலர் செபஸ்தியாம்பிள்ளை அண்ணைதான் சொன்னார்.

"என்ன குகதாசன், உம்மட கிருமியளுக்கு மனிசி பால் பருக்கிறா போல. நான் கண்டும் காணாத மாதிரி இருக்கிறன்."

சனிக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், போத்தலில் அந்த அரிசி கழுவிய தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள். பாத்தி ஓரத்தில் கீரையும் விதைத்திருந்தாள். கேட்டதற்குச் சிரித்தாள்.

"மண் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குதப்பா. பாக்க ஏலாமல் கிடக்கு. ஊத்தக் கூடாதோ?"

"ஊத்து," என்றேன்.

வெறுங்கையால் களை பிடுங்கினாள். கீரையைக் கடைந்து சாப்பிட்டாள். எனக்குக் கீரை ஒத்துவராது என்று சொல்லிவைத்தேன். மண்ணைப் பற்றிச் சொன்னால் அவள் வரமாட்டாள், பாக்டீரியாக்கள் சாகும், நஞ்சேறிய எத்தனையோ நிலங்கள் அப்படியே கிடக்கும். நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

மூன்றாம் கோடையில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் பிரீத்தா சென்னைப் பெண். என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி எங்கயாவது கெமிக்கல்ஸ் பக்கத்துல வேலை பாத்தாங்களா அங்கிள்? பெட்ரோல், தார், அந்த மாதிரி?"

"இல்லை பிள்ளை. அவ வீட்டோடதான்."

சொல்லியிருந்தாலும் மருந்து மாறியிருக்காது.

கொஞ்சம் தெம்பு வந்த நாட்களில், "என்னை ஒருக்கா பாத்தியடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்பாள். காரில் கொண்டுபோய் இறக்கினேன். போத்தலைத் தூக்க அவளால் முடியவில்லை. நான் அடியில் தாங்கிக்கொண்டேன். மண்ணின் கடைசி அளவீடு அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை.

அளவீடு நன்றாக வந்தது. அதே வாரம் அவள் போய்விட்டாள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், கடைசி வரை அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்றுதான் பேசினார்கள்.

நீர் விடப்படவில்லை என்று அறிக்கையில் எழுதியது பொய். ஒப்புக்கொள்கிறேன். அது ஒன்றுதான் பொய். மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று சுலோச்சனா என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.