வல்லநாட்டில் கேட்ட கடல்

பல்கலைக்கழக நிறுத்தத்தில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். கடலில் முங்கிச் சங்கெடுப்பவர்களின் காது பற்றி அங்கே கருத்தரங்காம்; சங்கெடுக்கும் அந்தக் கணவரையும் அதற்கு அழைத்திருந்தார்களாம். தூத்துக்குடி பஸ் மெதுவாகப் போனது. வல்லநாட்டு மலை மஞ்சள் வெயிலில் மிதந்தது.

"ஏளா, உனக்கு இப்பக் கடல் சத்தம் கேக்குதா?"

"இங்கன ஏதுங்க கடலு? இன்னும் எவ்வளவு தூரம் போணும்."

"சரி, வீட்டுல படுத்திருக்கும்போது?"

"நம்ம கடல்ல அலையே கெடையாதே. சத்தம் எங்கேருந்து வரும்?"

அவர் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டார்.

"கூட்டத்துல டாக்டருமாரு காதுல இரைச்சல் உண்டான்னு கேட்டாவ. எல்லாருக்கும் கேக்குத கடல்தானேன்னு நெனச்சு, இல்லன்னுட்டேன்."

"நாளைக்கே போய்ச் சொல்லிருவோம்."

"சொன்னா, இனி முங்காதேம்பாவ. வேற என்ன தொழில் தெரியும் எனக்கு?"

காற்றுதான் காரணமோ என்று அவள் ஜன்னலை இறக்கி மூடினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளைப் பொத்தி, முகத்துக்கு நேரே குனிந்து, "இப்ப?" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பதான் கடல் நல்லாக் கேக்கு."