மலையில் பங்கு கேட்டவன்

வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் வாங்கிக்கொள்வது நல்லது. நாரின் என்கிற எங்கள் மலைநாட்டுக் குளிரில் பேனா எழுதாது. என் நோட்டு இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. நீங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள். முதல் பக்கத்திலிருந்து படித்திருந்தால் இத்தனை கேள்விகளுக்கு வேலை இருந்திருக்காது.

பதினெட்டு வருடமாக வானிலை நிலையத்தில் கருவி பார்க்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பேன், எழுதுவேன். நாற்பத்து மூன்று வயதில் துப்பாக்கி எடுத்தபோதும் சுடுவதைவிடப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. பக்காஸ் என் வகுப்புத் தோழன், ஊரிலேயே நல்ல வேட்டைக்காரன். "டேய் தெர்மாமீட்டர், மலையாடு என்ன உன் மழைமானியாடா, மணிக்கணக்குப் பாத்து எழுதிட்டிருக்க?" என்று கிண்டல் செய்வான். செய்தாலும் கூட்டிக்கொண்டு போவான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

அவனோடு போய்க் கற்றதெல்லாம் முதல் எண்பது பக்கங்களில் இருக்கிறது. ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று மலையாட்டுக்கு ஒரு நினைப்பு. அதனால் கீழேயே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். பனி மூடிய ஓடையை வெயில் ஏறுவதற்கு முன் கடக்கும், பிறகு கடக்காது. முன்னால் போனதன் தடத்தில்தான் பின்னால் வருவது கால் வைக்கும். காயம்பட்டதை உடனே நெருங்கக் கூடாது. நெருங்கினால் இருக்கிற உயிரை வைத்துக்கொண்டு எட்டாத இடத்துக்கு ஓடிவிடும். இது பக்காஸ் சொன்னது. விடாமல் செய்கிற வேலை ஒன்று எல்லா உயிருக்கும் இருக்கிறது, அதில்தான் அது மாட்டும். இது நானே கண்டுபிடித்தது.

செப்டம்பரில் ஒரு பெரிய கிடாவை வயிற்றில் சுட்டேன். அது பாறை மறைவில் படுத்துவிட்டது. நான் நூறடி தள்ளி உட்கார்ந்து நான்கு மணி நேரம் எழுதினேன். அடுத்த மேட்டிலிருந்து பக்காஸ் வந்து, ஒரே குண்டில் அதை முடித்துவிட்டு என் நோட்டைப் பிடுங்கிப் படித்தான்.

"மூச்சு எண்ணிட்டு உக்காந்திருந்தியா?"

"கிட்டப் போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"அது ஓடிடக் கூடாதுன்னு சொன்னேன். எழுந்திரிக்கவே முடியாம கிடக்கு. இது தெரியாம இல்ல உனக்கு. நீ வேட்டைக்காரன் இல்லடா. என்ன ஜென்மம்னு எனக்குத் தெரியல." நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசக் கடைசில வேட்டைச் சீட்டு குடுக்குற எடத்துல சொல்லிடுவேன். இந்த மலைல இனி உனக்கு வேலை இல்ல" என்றான்.

ஊரில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. பெருந்தன்மையான ஆள். ஆனால் மலை போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடியும் கிடையாது. எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

பக்காஸ் விடாமல் செய்தது பங்கு கொடுப்பது. வேட்டையோடு இறங்குகிறவனை எதிரில் பார்த்து 'ஷிரல்கா' என்று சொன்னால் அவன் பங்கு தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கொடுக்காதவனுக்கு மலை மறுபடி கொடுக்காது என்பார்கள். மற்றவர்கள் ஆளைக் கண்டால் வேறு பாதையில் நழுவுவார்கள். பக்காஸ் நழுவ மாட்டான். வீசியும் எறிய மாட்டான், நாய்க்குத்தான் எறிவது என்பான். தன் பல்லை உடைத்த குடிகாரனுக்குக்கூட ஆற்றைக் கடந்து போய்க் கையில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூற்று மூன்றாம் பக்கம்.

அக்டோபர் பத்தொன்பது, காலை ஆறு மணி, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. பள்ளத்து ஓடையின் மேல் பழைய பனிச்சரிவு பாலம்போலக் கிடந்தது. அடியில் தண்ணீர் அரித்து வெறும் கூடு. தடியால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். மேலே புதுப்பனி. நான் ஐம்பத்தாறு கிலோ. பக்காஸ் இறங்குகிற பக்கத்திலிருந்து மெதுவாக நடந்து கடந்தேன், தடம் நன்றாகப் பதிந்தது. இக்கரையில் உட்கார்ந்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு பக்காஸ் அக்கரையில் இறங்கி வந்தான். அப்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவன் தொண்ணூறு கிலோ, முதுகில் பாதிக் கிடா வேறு. நான் எழுந்து நின்று, "ஷிரல்கா" என்றேன்.

அவன் நின்று என்னைப் பார்த்தான். "வெக்கமே இல்லையாடா உனக்கு? சரி, கேட்டுட்ட. கேட்டா குடுக்கணும்." முன்தொடையை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டான். பனியைக் காட்டி, "இது மேலதான் நடந்து வந்தியா?" என்றான்.

"ஆமா. தடம் தெரியுதுல்ல" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் தடத்திலேயே கால் வைத்து வந்தான். மூன்றே அடி பாக்கி இருக்கும்போது, கையை நீட்டியபடியே உள்ளே போனான். இறைச்சி என் பக்கம் விழுந்தது.

ஒன்பது மீட்டர் ஆழம். தண்ணீருக்கு ஓரத்தில் ஒரு திட்டில் இடுப்பு முறிந்து கிடந்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அங்கேதான் தொடங்குகிறது. மலையாடு கடைசிவரை வாய் திறக்காது. பக்காஸ் முதலில் திட்டினான். பிறகு, "எசென்குல்" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மூன்றரை மணிவரை எழுதினேன். கயிறு என் பையில் இருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன், நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

ஊர் எல்லையில் அவன் மனைவி அனார்கான் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். என் தோளில் இறைச்சியைப் பார்த்ததும் சிரித்தாள். "ஷிரல்கா, அண்ணே. யாரு அடிச்சது?"

"பக்காஸ்."

"அவரா குடுத்தாரு? அப்போ ரெண்டு பேரும் பேசிட்டீங்க. ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்தாரு. எங்க அவரு?"

"மலைலதான் இருக்கான்."

கேட்டவளுக்குக் கொடுக்க வேண்டுமே. பாதியை அறுத்து அவள் கையில் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் அடுப்பில் ஏற்றிவிட்டு, அவனுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாளாம்.

இருட்டும்வரை அவனுக்கு உயிர் இருந்திருக்கும் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். இருக்கலாம், நான் கிளம்பும்போதும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. ஏன் அவளிடம் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். காயம்பட்டதை அவசரப்பட்டு நெருங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், எங்கும் ஓடிவிடவில்லை.